வீட்டுக்கு வீடு பாட்டு: நம் குப்பத்தில் ஒரு மாலை நடத்தலாமா?

கடலோரத் தெரு (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஆயா இறந்த இரவில் விடியும்வரை வாசலில் கானா பாடினார்கள். சாமியானாவுக்குக் கீழே நாற்காலிகள், ஐஸ் பெட்டியில் ஆயா, தலைமாட்டில் விளக்கு. பாடியவர் ஆயாவை முன்பின் பார்த்ததில்லை. சித்தியை ஓரமாக அழைத்து ஐந்து நிமிடம் விசாரித்தார். என்ன பெயர், எத்தனை பிள்ளைகள், கூடையில் என்ன மீன் விற்றார், எந்தெந்தத் தெருவில் நடந்தார். அவ்வளவுதான். ஆயாவின் எழுபது ஆண்டுகளையும் அவர் பாடிவிட்டார். தலையிலிருந்து கூடையை இறக்கிவைக்கும் இடம் வந்தபோது, அதுவரை அழாத என் நைனா துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

அந்தப் பாட்டை ஆயா கேட்கவில்லை. இது என்னைப் பல மாதங்களாக அரித்துக்கொண்டிருக்கிறது.

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரமாக நடந்தால் எத்தனை பாட்டுக்காரர்கள்! கானா பாடுகிறவர்கள், ஆடியில் கூழ் ஊற்றும்போது பம்பையும் உடுக்கையும் வைத்து அம்மன் வர்ணிப்பு பாடுகிறவர்கள், கரைவலை இழுத்த காலத்து அம்பாப் பாட்டு தெரிந்த தாத்தாக்கள், தேவாலயத்தில் பாடும் வேதக்காரப் பெண்கள். ஆனால் நம் வீட்டு வாசலுக்குப் பாட்டு எப்போது வருகிறது? சாவுக்கும் பதினாறாம் நாளுக்கும் வருகிறது. மற்ற நாள்களில் ஒலிபெருக்கி அலறுகிறது, அவ்வளவே.

என் எண்ணம் இது. ஒரு சனிக்கிழமை மாலை, ஆறு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் அரைமணி நேரம் பாடுவார். மேடை, மைக், வரவேற்புரை, பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒரு வீட்டில் முடிந்ததும் எல்லோரும் எழுந்து அடுத்த வீட்டுக்கு நடப்போம். வீடு தர யார் தயார்? எந்த மாதம் சரிப்படும்? இதில் எனக்குத் தெரியாத சிக்கல் எது இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மணலிப் பேரன்

தம்பி, படித்ததும் மனது நிறைந்துவிட்டது. வடசென்னையில் வீடுதான் முதலில் இசை அரங்காக இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கே யாரும் சொல்வதில்லை.

இன்று மணலி என்றால் எண்ணெய் ஆலையும் புகைபோக்கியும்தான் நினைவுக்கு வரும். முத்துசுவாமி தீட்சிதரின் தகப்பனார் ராமசாமி தீட்சிதர் திருவாரூரிலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கியது இந்த மணலியில்தான். மணலி முதலியார் குடும்பம் அவர்களை ஆதரித்தது. இளைய மகன் பாலுசுவாமி கோட்டையில் வெள்ளைக்காரர் வாசித்த வயலினைக் கேட்டு, அதைக் கற்றுக்கொண்டு, நம் இசைக்குப் பழக்கினார். கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் வயலின் இல்லாமல் இன்று யாராலும் நினைத்துப் பார்க்க முடியுமா? அந்தப் பழக்கம் பிறந்தது நம் பக்கத்து வீடு ஒன்றின் ஆதரவில்.

தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவில், கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் தங்கினார். அவருடைய சீடர் வீணை குப்பையர் திருவொற்றியூர்க்காரர். அந்தத் தொடர்பில் தியாகராஜர் ஒற்றியூருக்கு வந்து, அங்குள்ள அம்மன் திரிபுரசுந்தரியின்மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். ராகங்கள் ஆரபி, பேகடா, கல்யாணி, சுத்த சாவேரி, சாவேரி. திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்று இன்றும் பாடுகிறார்கள். சபாக்கள் வருவதற்கு முன்னால் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துதான் இந்த ஊர் பாட்டுக் கேட்டது. நீங்கள் புதிதாக எதையும் தொடங்கவில்லை, விட்டுப்போனதை எடுத்துச் செய்கிறீர்கள். கட்டாயம் நடத்துங்கள்.

பழைய வண்ணை அக்கா

மணலி ஐயா சொன்ன வரலாறு உண்மை. நானும் படித்திருக்கிறேன். ஆனால் அவை துபாஷிகளின், அதாவது வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்த்த பணக்காரர்களின் வீடுகள். கூடம், முற்றம், தாழ்வாரம், ஐம்பது பேர் உட்கார இடம். எங்கள் ஆயாவின் ஆயா அந்தக் கூடத்துக்குள் போய்ப் பாட்டுக் கேட்டிருக்க முடியுமா? பின்வாசலில் மீன் கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பார். ஆகவே அந்தக் கதையை நம் கதை என்று அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்தது நடைமுறை. எங்கள் வீடு வாரியக் குடியிருப்பில் ஒரே அறை. கட்டில், பீரோ, தையல் இயந்திரம் போக மீதி இடத்தில் நான்கு பேர் படுப்போம். அங்கே நாற்பது பேர் வந்தால் யார் எங்கே நிற்பது? கழிவறை ஒன்று. தண்ணீர் லாரி வராத நாளாக இருந்தால்?

இன்னொன்று. வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு வாய் தேநீர் கொடுக்காமல் அனுப்ப எங்களுக்குத் தெரியாது. நாற்பது தேநீர் போடப்போவது யார்? பாடுகிறவர் ஆண், கேட்கிறவர்கள் ஆண்கள், அடுப்படியில் நிற்பது நாங்கள் என்றால் இது யாருக்கான விழா? கோபத்தில் எழுதவில்லை. நடக்க வேண்டும் என்ற ஆசையில்தான் கேட்கிறேன்.

கடலோரத் தெரு

அக்கா, அடுப்படி எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

இப்படி வைத்துக்கொள்ளலாமா? வீட்டுக்காரர்கள் எதுவும் சமைக்க வேண்டாம், தேநீரும் போட வேண்டாம். முக்கில் இருக்கும் கடையில் பெரிய கேனில் வாங்கித் தெருவில் ஒரே இடத்தில் வைத்துவிடுவோம், செலவு பொதுக் கணக்கில். வீட்டுக்குள் இருபது பேர், மற்றவர்கள் வாசலிலும் படிக்கட்டிலும். உள்ளே முதலிடம் அந்த வீட்டுப் பெண்களுக்கு. பாடுகிறவர்களில் பாதிப் பேராவது பெண்கள்.

டேப் அடிப்பவன்

பதினெட்டு வருடமாகக் கானாவுக்கு டேப் என்ற தோல் கொட்டு அடிக்கிறேன். புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று நான் உட்காராத சாவு வீடு குறைவு. இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டேன்.

சாவு வீட்டில் எங்களுக்குக் கிடைக்கும் மரியாதை விடிந்ததும் போய்விடும். அன்று இரவு கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர், ஒரு மாதம் கழித்துத் தன் பெண்ணின் கல்யாணத்தில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மரண கானாக்காரன் நல்ல காரியத்துக்கு வரக்கூடாது என்பார்கள். நீங்கள் சாவு இல்லாத வீட்டுக்குள் எங்களை அழைக்கிறீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். நாங்கள் வந்து நின்ற பிறகு யாராவது கதவைச் சாத்தினால் அதைத் தாங்க முடியாது.

என்ன பாடுவது என்பது எனக்குக் கவலை இல்லை. கானா என்றாலே சாவுப் பாட்டு என்று நினைக்கிறார்கள். ரயிலைப் பற்றி, கடலைப் பற்றி, நட்பைப் பற்றி, செய்த வேலையைப் பற்றி, சாமியைப் பற்றி எவ்வளவோ இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் கட்டியும் பாடுவோம். உங்கள் ஆயாவுக்குப் பாடியதுபோல உயிரோடு இருக்கும் ஒருவருக்கு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டும் என்று எனக்கும் ஆசை உண்டு.

பணத்தையும் பேசிவிடுங்கள். சேவை, கலை வளர்ச்சி என்று சொல்லி இலவசமாக அழைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டோம்.

கடலோரத் தெரு

அண்ணா, எல்லாப் பாட்டுக்காரருக்கும் ஒரே தொகை, அன்று மாலையே கையில். பெரிய பாடகர், சின்னப் பாடகர் என்ற வேறுபாடு கிடையாது. எந்த வீட்டுக்கு யார் வருகிறார் என்பதை அந்த வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே நேரில் சொல்லிச் சம்மதம் வாங்குவது என் பொறுப்பு.

எண்ணூர் உப்பளம்

மாதத்தைப் பற்றி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், ஆண்கள் கரையில் இருப்பார்கள். அப்போது வைத்தால் எல்லோரும் வருவார்கள் என்று தோன்றும். நான் வேண்டாம் என்பேன். தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது, வீட்டில் சண்டை இருக்கும், நகை அடகுக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் வாசலில் கொட்டு அடித்தால் வயிறு எரியும். வெயிலும் தாங்காது. தகரக் கூரைக்குக் கீழே மே மாதத்தில் இருபது பேரா?

வலைக்காரன் மகள்

உப்பளம் அண்ணா சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். காசு இல்லாத நாளில் பாட்டு வேண்டாம் என்றால் நாம் எப்போதுதான் பாடுவது? அம்பாப் பாட்டு வயிறு நிறைந்தவர்கள் பாடியதா? ஆனால் மே மாதம் வேண்டாம் என்பது சரி. தை பிறந்த பிறகு வையுங்கள். மழை முடிந்திருக்கும், காற்று குளிர்ச்சியாக இருக்கும். மார்கழி வேண்டாம், எல்லோரும் தெற்கே சபாக் கச்சேரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிறு மட்டும் கூடாது. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்து வந்தவர்கள் படுத்தால் எழ மாட்டார்கள். சனிக்கிழமை என்றால் விடிகாலையில் ஏலத்துக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

சட்டம் படிப்பவள்

ஒலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்திலும் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு உண்டு. மைக் இல்லை என்று நீங்கள் முதலிலேயே முடிவு செய்தது பெரிய தொல்லையைத் தவிர்த்துவிட்டது. அதை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். யாராவது ஒரு சின்ன ஸ்பீக்கர்தானே என்று கொண்டுவருவார்கள்.

தெற்கே குடிபோனவன்

நான் இப்போது பெசன்ட் நகர்ப் பக்கம் இருக்கிறேன். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் விழா தொடங்கியபோது போயிருந்தேன். கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா போன்றவர்கள் முன்னின்று நடத்தினார்கள். மீனவர் குடியிருப்பு நடுவே கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில். நல்ல முயற்சி. யார் பாட்டு யாருக்கு என்ற கேள்வியை ஊர் முழுக்கக் கேட்க வைத்தது. 2020 டிசம்பரில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பு ‘மார்கழியில் மக்களிசை’ என்ற இசை விழாவைத் தொடங்கியது. கானாவுக்கும் ஒப்பாரிக்கும் பெரிய அரங்கு கிடைத்தது. அதுவும் வேண்டியதுதான்.

ஆனால் இரண்டும் மேடைகள். மேடைக்கு முன்னால் கூட்டம், கூட்டத்துக்கு முன்னால் கேமரா. நீங்கள் சொல்வது வேறு. அமெரிக்காவில் இத்தாக்கா என்ற ஊரில் 2007-இல் இப்படி ஒன்று தொடங்கினார்கள். வீட்டுத் திண்ணையில் வாத்தியத்தோடு உட்கார்ந்து வாசிப்பார்கள், ஊர்க்காரர்கள் திண்ணை திண்ணையாக நடந்து கேட்பார்கள். பிறகு பல ஊர்களுக்குப் பரவிவிட்டது. திண்ணை என்ற சொல்லையே வைத்திருக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றுவதுதான் எனக்கு வருத்தம்.

ஒரே ஒரு வேண்டுகோள். கேமராக்காரர்களைக் கட்டுப்படுத்துங்கள். ஒருவருடைய வீட்டுக்குள், கொடியில் காயும் துணிக்கு நடுவே, அனுமதி கேட்காமல் படம் எடுத்துப் போடுகிறவர்கள் வந்துவிடுவார்கள். என்னைப் போன்ற வெளியாள்களின் எண்ணிக்கையையும் குறையுங்கள். நான் வராவிட்டாலும் பரவாயில்லை.

பழைய வண்ணை அக்கா

நீங்கள் வெளியாள் இல்லை. வாருங்கள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றாவது மாடி

எங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவால் இறங்க முடியாது. இடுப்பு உடைந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். விழா எங்கே நடந்தாலும் அவரால் போக முடியாது, இது ஒன்றுதான் அவரிடம் வரக்கூடியது. படிக்கட்டில் விளக்கு இல்லை, நான் போட்டுவிடுகிறேன்.

கடலோரத் தெரு (நடந்து முடிந்த மறுநாள்)

நேற்று நடந்தது. இரவு தூங்கவில்லை. நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

முதல் வீடு பூக்காரப் பெரியம்மாவுடையது. ஐந்தரைக்கு டேப் அண்ணன் வந்தார். கடல்காற்றில் தோல் தளர்ந்திருந்தது. வழக்கமாகத் தெருவில் காகிதத்தைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். பெரியம்மா அவரை உள்ளே அழைத்து, பால் பாத்திரத்தை இறக்கிவிட்டு அடுப்பைச் சிறிதாக வைத்து, இதில் காட்டுங்கள் என்றார். அண்ணன் செருப்பை வெளியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். டேப்பை அனலுக்கு மேலே திருப்பித் திருப்பிக் காட்டினார், விரலால் சுண்டினார், காதருகே வைத்துக் கேட்டார், மறுபடி காட்டினார். நான்காவது முறை ‘டங்’ என்று தெளிவாகக் கேட்டது. ஒரு சாவு வீட்டிலும் தன்னை அடுப்படிவரை அழைத்ததில்லை என்று பிறகு சொன்னார்.

அந்த முதல் ஓசைக்கே எதிர் வீட்டு ஆயா அலறியடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "யார் போனது? யார் போனது?" என்று மார்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். யாரும் போகவில்லை, எல்லோரும் இருக்கிறார்கள், பாட்டு மட்டும்தான் என்று சொல்லி உட்காரவைக்கச் சிறிது நேரம் ஆயிற்று. அதன்பின் ஆறு வீட்டுக்கும் கூடவே வந்தார்.

பெரியம்மா வீட்டில் மின்விசிறியின் இரைச்சலில் பாடகரின் கீழ்க்குரல் கேட்கவில்லை. பெரியம்மாவே எழுந்து நிறுத்தினார். வியர்வை ஊற்றியது. ஆனால் அந்த அமைதியில் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. சாவு வீட்டில் ஒலிபெருக்கி வழியாகவே கேட்ட குரல், மைக் இல்லாமல் இவ்வளவு மெல்லியதாக, இவ்வளவு நடுக்கத்தோடு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பெரியம்மா முப்பது வருடம் விடிகாலையில் பூக்கடைக்குப் போய்வந்ததைப் பாடகர் பாடினார். பெரியம்மா குறுக்கிட்டு, "முப்பது இல்லை, முப்பத்தி நாலு" என்றார். அவர் அப்படியே மாற்றிப் பாடினார். இதற்காகத்தான் இதைத் தொடங்கினேன்.

இரண்டாவது வீட்டில் வேதக்கார அக்காவும் மகளும் இரண்டு குரலில் ஜெபப் பாட்டு பாடினார்கள். மூன்றாவதில் மண்ணடியிலிருந்து வந்த பாய், நாகூர் ஹனிபாவின் பாட்டுகளை அதே கணீர்க் குரலில் பாடினார். சின்ன அறை அதிர்ந்தது. சுவரோரம் நின்றவர்கள் தாங்களாகவே கூடப் பாடினார்கள்.

நான்காவதில் வலைக்காரத் தாத்தா. நாற்காலியில் உட்காரவைத்து அம்பாப் பாட்டு பாடச் சொன்னோம். இரண்டு வரி வந்தது, பிறகு நின்றுவிட்டது. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய மருமகள் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து ஒரு முனையைத் தாத்தா கையில் கொடுத்து, மறுமுனையைப் பையன்களிடம் கொடுத்தார். தாத்தா எழுந்து நின்று இழுத்தார். ஏலேலோ வந்தது. முழுப் பாட்டும் வரவில்லை, எட்டோ ஒன்பதோ வரிதான். ஆனால் இழுப்புக்கு ஒன்று, விடுப்புக்கு ஒன்று என்று சொல் எப்படிப் பிரிகிறது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வலையை இழுக்கும் வின்ச் இயந்திரம் வந்து கை ஓய்ந்ததும் பாட்டு ஏன் ஓய்ந்தது என்பதும்.

மூன்றாவது மாடியில் அம்மா படுத்தபடியே கேட்டார். பம்பைக்காரர் அம்மன் வர்ணிப்பு பாடினார். பம்பையை அங்கே அடிக்க வேண்டாம் என்று அவரே முடிவு செய்து உடுக்கையை மட்டும் எடுத்தார். அதையும் மெதுவாக.

பழைய வண்ணை அக்கா

நல்லதை எல்லாம் எழுதிவிட்டீர்கள். நடக்காததை நான் எழுதுகிறேன், அடுத்த முறைக்கு வேண்டும்.

ஆறாவது வீட்டில் பாடவேண்டிய பெண் பாடவில்லை. பதினாறு வயது. தானே எழுதிய கானா. ஐந்தாவது வீட்டுக்குப் பிறகு தெருவில் பையன்கள் டோலக்கோடு நின்று இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள், நாமும் ரசித்துக்கொண்டு நின்றோம். அங்கே போனபோது எட்டே கால். வீட்டு உரிமையாளர் வந்து, வாடகைக்கு விட்டது கச்சேரி நடத்தவா என்று கேட்டார். அந்த வீட்டு அக்கா முகம் செத்துப்போனது. பெரியவர்களிடம் சம்மதம் கேட்ட நாம் உரிமையாளரிடம் கேட்கவில்லை. அவர் கத்தியது தவறு, ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்களை நாம் அந்த நிலையில் நிறுத்தியதும் தவறு. அந்தப் பெண் நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தேநீர் கேன் பக்கம் போய் நின்றாள். பாடாவிட்டாலும் தொகையைக் கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றாள். கையில் வைத்து மூடினேன்.

டேப் அடிப்பவன்

அடுத்த முறை அந்தப் பிள்ளை முதல் வீட்டில் பாடட்டும். நான் அடிக்கிறேன். அவள் எழுதியதை எனக்கு முன்னால் ஒருமுறை பாடிக்காட்டினால் போதும், தாளத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது மாடி

அம்மா காலையில் எழுந்ததும் "இன்றைக்கும் வருவார்களா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அந்த உடுக்கைக்காரர் எண் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

எதிர் வீட்டுப் பேத்தி

ஆயா சொல்லச் சொன்னதை எழுதுகிறேன். அடுத்த முறை கொட்டு அடிக்கும் முன் தெருவில் ஒருவர் நடந்து எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வர வேண்டுமாம். பிறகு எங்கள் வீட்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஆயா அந்தக் காலத்தில் உப்பு மண்டியில் வேலை செய்தவர். அதைப் பாட வேண்டுமாம், தான் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டுமாம்.

கடலோரத் தெரு

எழுதிக்கொண்டேன். தெருவில் சொல்லிவரும் வேலை எனக்கு. பங்குனிக்குள் நாள் குறிப்போம், அதற்குள் வாடகை வீடுகளுக்கு உரிமையாளர்களிடம் பேசிவிட வேண்டும்.

நான்கு பாய்கள் எங்கள் வீட்டில் தங்கிவிட்டன. நீலக்கரை போட்டது, ஓரத்தில் துணி வைத்துத் தைத்திருக்கிறது, யாருடையது?